எஸ்டிமேட் 4,200, பில் 9,870: வேண்டாம் என்று சொன்னால் வாரண்டி போய்விடுமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பதினோரு மாதங்களுக்கு முன் சென்னையில் ஷோரூம் விலை பதினொன்றரை லட்சத்துக்கு ஒரு சிறிய பெட்ரோல் எஸ்.யு.வி. வாங்கியிருக்கிறீர்கள். 10,000 கிலோமீட்டரில் வரும் மூன்றாவது இலவச சர்வீஸுக்கு வண்டியை விட்டபோது காலையில் 4,200 ரூபாய் ஆகும் என்றார்கள்; மாலையில் எடுக்கப் போனால் பில் 9,870 ரூபாய். ஏன் என்று கேட்டதற்கு, "இதெல்லாம் செய்யாவிட்டால் பிறகு வாரண்டி கிளெய்ம் வராது சார்" என்று சர்வீஸ் அட்வைசர் பதில் சொல்லியிருக்கிறார். வாங்கும்போதும் இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்று சொல்லி எடுக்க வைத்ததாகவும், ஹேண்ட்லிங் சார்ஜ் என்று 8,500 ரூபாய் வாங்கியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஏமாற்றப்பட்டேனா, இனி வெளி மெக்கானிக்கிடம் போய்விடலாமா என்று கேட்கிறீர்கள். காரைப் பற்றி அதிகம் தெரியாத ஒருவர், அதை விற்கிற இடத்திலும் பழுதுபார்க்கிற இடத்திலும் சொல்லப்படுவதில் எதை ஏற்கலாம், எதை மறுக்கலாம் என்று எப்படிப் பிரித்தறிவது என்பதே உங்கள் கேள்வியின் உட்பொருள் என்று எனக்குப் படுகிறது. அதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு 1999-இல் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு டீலர் பணிமனையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். பிறகு சர்வீஸ் அட்வைசராகவும், கடைசி எட்டு ஆண்டுகள் வொர்க்ஸ் மேனேஜராகவும் இருந்தேன். இப்போது பழைய கார் வாங்குவோருக்காக வண்டியைச் சோதித்துச் சொல்லும் வேலை செய்கிறேன். நான் வழக்கறிஞன் அல்ல. சட்டம் தொடர்பாகக் கீழே சொல்வது, பணிமனையில் இருந்தவன் என்ற முறையில் தெரிந்துகொண்டது மட்டுமே. உங்கள் வண்டியை நான் பார்க்கவும் இல்லை. அதனால் பார்க்காமலே சொல்லக்கூடியதையும் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பதையும் தனித்தனியாகக் குறிப்பிட்டுவிடுகிறேன்.

முதலில் பில். நீங்கள் எழுதியுள்ள வரிகளின்படி இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் 2,600; வீல் அலைன்மென்ட், பேலன்சிங் 1,150; கன்சூமபிள்ஸ் (சில்லறைச் செலவுப் பொருள்கள்) 370. இவற்றின் கூட்டுத்தொகை 4,120. காலையில் சொன்ன 4,200 இதுதான். பிறகு சேர்ந்தவை ஏ.சி. எவாப்பரேட்டர் (காற்றைக் குளிர்விக்கும் பாகம்) கிளீனிங் 1,450, த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனிங் 900, இன்ஜின் ஃப்ளஷ் 650, எலி விரட்டி ஸ்ப்ரே 950, இன்டீரியர் கிளீனிங்கும் பாலிஷும் 1,800. ஆக 5,750 ரூபாய். இலவச சர்வீஸ் என்றால் கூலி மட்டும்தான் இலவசம், ஆயில், ஃபில்டர் போன்ற பொருள்களுக்குப் பணம் உண்டு. ஆகவே 2,600 நியாயமான வரி. அதில் ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: பில்லில் எத்தனை லிட்டர் ஆயில் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, உரிமையாளர் கையேட்டில் உள்ள கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். 1,200 சி.சி. அளவிலான பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஃபில்டரோடு சேர்த்து 3 முதல் 4 லிட்டருக்குள்தான் பிடிக்கும்.

அலைன்மென்ட் விஷயத்தில் வண்டியைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நேரான சாலையில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, டயரின் உள்விளிம்போ வெளிவிளிம்போ மட்டும் தேய்ந்திருந்தாலோ அது தேவை. எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறினால் பேலன்சிங் தேவை. நம் ஊர்ச் சாலைகளில் ஓராண்டு ஓடிய வண்டிக்கு அதைச் செய்ததைத் தவறு என்று சொல்ல முடியாது. செய்ததற்கு அடையாளமாக, சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் இருந்த அளவுகள் அச்சான ஒரு தாளை அந்த இயந்திரமே கொடுக்கும். அந்தத் தாள் உங்களுக்கு வந்திருக்க வேண்டும்.

மீதி 5,750 ரூபாய்க்கு வருகிறேன். இன்ஜின் ஃப்ளஷ் என்பது பழைய ஆயிலை வடிப்பதற்கு முன் ஒரு திரவத்தை ஊற்றி, சில நிமிடங்கள் இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே படிந்த கசடைக் கரைக்கும் முறை. ஆயிலைக் காலத்தில் மாற்றிய, பதினோரு மாதமே ஆன இன்ஜினில் கரைப்பதற்கு அப்படிப்பட்ட கசடு இருக்காது. த்ராட்டில் பாடியில் கரி படிவது உண்மை; ஆனால் அது பல பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் வேகம் (ஐட்லிங்) ஏறி இறங்குவதாகவோ, வண்டி அணைந்துவிடுவதாகவோ தன்னைக் காட்டிக்கொள்ளும். அப்படி எதுவும் நீங்கள் சொல்லவில்லை. ஏ.சி.யில் நாற்றம் இருந்தால் எவாப்பரேட்டரைச் சுத்தம் செய்வதில் பொருள் உண்டு. குளிர்ச்சியும் காற்றும் நன்றாக இருந்தால் கேபின் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வதோ மாற்றுவதோ போதும். பல கார்களில் அந்த ஃபில்டர் டாஷ்போர்டில் உள்ள கையுறைப் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது, திருப்புளிகூட இல்லாமல் கழற்றிவிடலாம். எலித் தொல்லையை நான் லேசாக எண்ணவில்லை. வயரிங்கைக் கடித்து ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு வைத்த வண்டிகளைக் கையால் தொட்டு வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் பானெட்டுக்குள் அடிக்கும் ஸ்ப்ரேயின் வாசனை ஓரிரு வாரம் தாங்கினால் அதிகம் என்பது என் அனுபவம். வண்டியை நிறுத்தும் இடத்தை மாற்றியும், இன்ஜின் அடித்தட்டின் திறப்புகளில் வலை கட்டியும் பயன் பெற்றவர்களே அதிகம். இன்டீரியர் கிளீனிங் உங்கள் விருப்பம்; அதற்கும் வண்டியின் ஆயுளுக்கும் தொடர்பு இல்லை.

இவையெல்லாம் ஏன் வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த அட்வைசர் கெட்டவராக இருந்தாக வேண்டிய அவசியம் இல்லை. புதுக் கார் விற்பதில் டீலருக்கு நிற்பது விலையில் சில விழுக்காடு மட்டுமே. அதிலிருந்தும் ஒரு பகுதி தள்ளுபடியாகப் போய்விடும். கடையின் வாடகையும் சம்பளமும் பெருமளவு இன்சூரன்ஸ் கமிஷன், கடன் கமிஷன், ஆக்சஸரீஸ், சர்வீஸ் கூலி ஆகியவற்றிலிருந்துதான் வருகின்றன. பணிமனையில் இத்தகைய கூடுதல் வேலைகளுக்கு 'வேல்யூ ஆடட் சர்வீஸ்' என்று பெயர். பேச்சில் 'வாஸ்' என்போம். வண்டி ஒன்றுக்குச் சராசரியாக இவ்வளவு வாஸ் என்று ஒவ்வொரு அட்வைசருக்கும் மாத இலக்கு உண்டு, மாதக் கடைசியில் பலகையில் பெயரும் தொகையும் எழுதப்படும். நான் அட்வைசராக இருந்தபோது காலை எட்டரை முதல் பத்தரைக்குள் பதினைந்து வண்டிகளுக்கு ஜாப் கார்டு, அதாவது செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் தாள், போட்டிருக்கிறேன். ஒரு வண்டிக்குக் கிடைப்பது எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தில் வாடிக்கையாளரின் குறையைக் கேட்டு எழுதுவதற்குச் சம்பளத்தில் எதுவும் கூடவில்லை, ஒரு எவாப்பரேட்டர் கிளீனிங் சேர்த்தால் கூடியது. மூன்று நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து கருத்துக் கேட்டு அழைப்பு வரும். எட்டு மதிப்பெண் கொடுத்தால் அது பாராட்டாகக் கணக்கில் வராது. "பத்துக்குப் பத்து சொல்லிவிடுங்கள் சார்" என்று உங்கள் அட்வைசர் கெஞ்சியிருப்பார். அந்தக் கெஞ்சல் உண்மையானது, அவருடைய ஊக்கத்தொகை அதில் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு: அந்த அழைப்பில் நீங்கள் அமைதியாகச் சொல்லும் குறை, கவுண்டரில் கத்திச் சொல்வதைவிட வேகமாக மேலே போகும்.

இனி வாரண்டி. இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியது இது: உங்கள் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இல்லாத ஒரு வேலையை மறுத்ததற்காக வாரண்டி போகாது. அந்த அட்டவணை ஒன்றிரண்டு பக்கம்தான். இடப்பக்கம் ஆயில், ஃபில்டர், பிரேக் திரவம், ஸ்பார்க் பிளக் என்று பெயர்கள். மேலே கிலோமீட்டரும் மாதமும். கட்டங்களில் பார்க்க வேண்டியதா மாற்ற வேண்டியதா என்பதற்கான குறி. அதில் உங்கள் 10,000 கிலோமீட்டர் கட்டத்தைப் பாருங்கள். ஃப்ளஷும் எலி ஸ்ப்ரேயும் அங்கே இருக்காது. அட்டவணையில் உள்ளதைக் காலத்தில் செய்யாமல் விட்டால், அந்த விடுதலால் கெட்டுப்போன பாகத்துக்கு வாரண்டி மறுக்கப்படலாம். ஆயிலே மாற்றாத இன்ஜின் உள்ளே இறுகி நின்றுவிட்டால் கம்பெனி பொறுப்பேற்காது. அதேபோல் ஹார்னுக்கும் கேமராவுக்கும் வெளிக்கடையில் வயரை வெட்டி ஒட்டியிருந்தால் மின்சாரப் பகுதிகளின் வாரண்டி சிக்கலாகும். இவை இரண்டும் நியாயமான மறுப்புகள்.

வெளி மெக்கானிக்கிடம் போவது இந்த அளவுக்குத் தெளிவானது இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது அதன் முக்கியக் குற்றச்சாட்டு. வெளியில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. நடைமுறையில் இன்றும் வாரண்டிப் புத்தகங்கள் பராமரிப்பை அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் செய்யவேண்டும் என்றே எழுதுகின்றன. இந்த உத்தரவைச் சொல்லிக் கவுண்டரில் வாதாடுவதால் அன்று மாலை வண்டியை வெளியே எடுக்க உங்களுக்குக் கேட் பாஸ் கிடைக்கப் போவதில்லை. ஆகவே என் யோசனை: வாரண்டி முடியும்வரை அட்டவணைப்படியான சர்வீஸை அங்கீகரிக்கப்பட்ட பணிமனையிலேயே செய்யுங்கள், கூடுதல் வேலைகளை மறுத்துவிடுங்கள். வாங்கிய டீலரிடமே போக வேண்டும் என்பதில்லை. அதே கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட பணிமனையிலும் மீதமுள்ள இலவச சர்வீஸும் வாரண்டியும் செல்லும். பஞ்சர், வாஷ், பாலிஷ், அலைன்மென்ட் ஆகியவற்றை வெளியில் செய்துகொள்ளலாம். வாரண்டி முடிந்த பிறகு, உங்கள் மாடலில் கைதேர்ந்த ஒரு தனி மெக்கானிக் கிடைத்தால் தயங்காமல் போகலாம்.

இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்பது தவறு. டீலர்கள் இன்சூரன்ஸ் விற்பதை ஒழுங்குபடுத்தக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் தனி வழிகாட்டுதல்களே கொண்டுவந்தது. குறிப்பிட்ட நிறுவனத்திடம்தான் எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்த டீலருக்கு உரிமை இல்லை. புதுக் காருக்கு மூன்றாண்டு தேர்டு பார்ட்டி காப்பீடு (உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது) கட்டாயம் என்பது மட்டும் உண்மை, உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல் அப்படி. சொந்தச் சேதத்துக்கான பகுதி ஆண்டுதோறும் புதுப்பிப்பது. உங்களுக்கு அது அடுத்த மாதம் வருகிறது. இப்போதே இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். ஒப்பிடும்போது ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பும், கூடுதல் காப்புகளும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் பிரீமியத்தை மட்டும் பார்ப்பது பிழை. ஷோரூம்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை ஒன்று உண்டு: தங்களோடு ஒப்பந்தம் உள்ள நிறுவனத்தின் கிளெய்ம் அந்தப் பணிமனையில் சிக்கலின்றி நகரும். அதனால் வெளியில் எடுப்பதற்கு முன், நீங்கள் போகும் பணிமனை அந்த நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் (பில்லை நிறுவனமே பணிமனைக்கு நேரடியாகக் கட்டும் பட்டியல்) இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் மிச்சம் என்று, இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து ஆகும் செலவுக்கான இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பைச் சென்னையில் இருப்பவர் விட்டுவிடக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பணிமனையில் இடம் போதாமல் வெளிச்சாலைவரை வண்டிகள் நின்றன. சீட்டின் பாதி உயரத்துக்குச் சேற்றுக்கோடு இருக்கும். கதவைத் திறந்தால் காலடி விரிப்பிலிருந்து தண்ணீர் வழியும். ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்து வந்த வண்டிகளில் பல, ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றி, வயரிங்கைக் காயவைத்தபின் ஓடின. தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்த்தவர்களின் இன்ஜினைப் பிரித்தபோது கனெக்டிங் ராடு வளைந்து கிடந்தது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, அந்த விசை ராடை வளைத்துவிடுகிறது. சாதாரணப் பாலிசிகளில் அந்த இன்ஜின் செலவு மறுக்கப்பட்டதையும், பெரியவர்கள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சற்று உட்கார்ந்திருந்ததையும் நான் மறக்கவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பலர் இதே இழப்பைச் சந்தித்தார்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ் அரசுக்குப் போகும் வரியோ கட்டணமோ அல்ல. அதற்குத் தனி ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் காட்டி எழுத்தில் திரும்பக் கேட்கலாம், கேட்டுப் பெற்றவர்கள் உண்டு. வாங்கும் முன் மறுப்பது இதைவிட எளிது. ரொக்கத் தள்ளுபடி கேட்டால் ஆக்சஸரீஸாகத் தருகிறேன் என்று டீலர் சொல்வதற்கும் பின்னணி இருக்கிறது: தன் டீலர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி தராதபடி கட்டுப்படுத்தியதற்காக, 2021 ஆகஸ்டில் மாருதி சுசூகிக்குப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விலையில் 1 விழுக்காடு வருமான வரியாக டீலர் வசூலித்திருப்பார். உங்கள் காருக்கு அது 11,500 ரூபாய் அளவில் இருக்கும். உங்கள் பான் எண்ணில் அது வரவாகியிருக்க வேண்டும். உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தில் சரிபார்த்து, கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். பலர் இதைச் சாலை வரியின் ஒரு பகுதி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த முறை வண்டியை விடும்போது எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஜாப் கார்டு. இப்போது டேப்லெட்டில் விரலால் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நீங்கள் படித்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. கையெழுத்துக்கு முன் கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, நீங்கள் சொன்ன குறைகள் உங்கள் வார்த்தையிலேயே இருக்கின்றனவா, ஒவ்வொரு வேலைக்கும் தொகை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். "அட்டவணையில் உள்ளவை மட்டும். கூடுதல் வேலை எதுவானாலும் என் எழுத்துபூர்வ ஒப்புதலுக்குப் பிறகே" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லி நகலை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரி இருந்தால் மாலையில் பில் உயராது. என் மேசைக்கு அப்படி எழுதி வந்த ஜாப் கார்டுகளில் நாங்களே கவனமாக இருந்தோம். மாற்றிய பாகங்களைத் திரும்பத் தரவேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள். வாரண்டியில் மாற்றியவை கம்பெனிக்குப் போக வேண்டியவை, நீங்கள் காசு கொடுத்து மாற்றியவை உங்களுடையவை.

வருகிற ஆண்டுகளில் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று ஒரு நாள் சொல்வார்கள். 2011 வாக்கில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தன் சிறிய காரைக் கொண்டுவந்தார். முன் பேட்களை மாற்ற வேண்டும் என்று எங்கள் அட்வைசர் சொன்னார். அந்த அம்மா கோபப்படவில்லை, "காட்டுங்கள் தம்பி" என்றார். சக்கரத்தைக் கழற்றி, பேட்டை எடுத்து, வெர்னியரை வைத்தோம்: 6 மில்லிமீட்டர். புதுப் பேட்டில் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு மூன்றுக்கு வரும்போது மாற்றுவது வழக்கம். அவர் கைக்குட்டையால் அதைப் பிடித்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த எண்ணை ஜாப் கார்டின் ஓரத்தில் தன் பேனாவால் குறித்தார். அவருடைய வண்டி அதே பேட்டில் இன்னும் ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதற்குப் பிறகு என் பணிமனையில் அளவு எழுதாமல் பேட் மாற்றக் கூடாது என்று வைத்தேன். நீங்களும் "நாற்பது சதம் இருக்கிறது" என்ற பேச்சை ஏற்காமல், மில்லிமீட்டர் எத்தனை என்று கேளுங்கள்.

கட்டிய பணத்தைப் பற்றி: ஜாப் கார்டில் உங்கள் கையெழுத்து எந்த வேலைகளுக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் தரப்பின் வலிமை. 4,200 ரூபாய்க்கு மட்டும் ஒப்புதல் இருந்தால், அதன் நகலோடு வொர்க்ஸ் மேனேஜருக்கு மின்னஞ்சல் எழுதி, கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் நகல் வையுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. மாலையில் கூடுதல் வேலைகளுக்கும் சேர்த்து டேப்லெட்டில் கையெழுத்திட்டிருந்தால், 5,750 முழுவதும் திரும்பும் என்று நான் நம்பிக்கை தர மாட்டேன். அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்கிறோம் என்று பாதிக்கு இறங்கி வரலாம்.

முதலில் அந்த ஜாப் கார்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கையேட்டின் பராமரிப்பு அட்டவணைப் பக்கத்தையும், வண்டியின் மாடலையும், ஆயில் லிட்டர் கணக்கையும் எழுதினால், அடுத்த சர்வீஸில் எந்தெந்த வரிகள் பில்லில் வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் குறித்துத் தருகிறேன்.